தகடு மாற்றிய கலியாணசுந்தரம் கிராணி

கலியாணசுந்தரம் கிராணியைப் பற்றி எழுது என்றார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. தெரிந்ததை எழுதுகிறேன், பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, அடுத்த வருஷம். காஜா பெராங் சடக்கில், ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் குடியுரிமைக்குப் பெயர் பதிந்தார்கள். நான் அங்கே பியூன், புத்தகம் தூக்குவது என் வேலை. எழுதுகிற குமாஸ்தாவை நாங்கள் கிராணி என்போம். இவருக்கு ஐம்பது வயசு. முன்னே தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆள்கணக்கு, எழுதியவர். பேச்சு குறைவு, கோபம் ஜாஸ்தி. தினக்கூலிக்குத்தான் இருந்தார். அந்த மாசக் கடைசியில் வேலை நிரந்தரமாகும் என்று கொட்டகைக்குப் பொறுப்பான துரை சொல்லியிருந்தார். மனைவி சந்திரமதிக்கு இழுப்பு, மூன்று பெண் பிள்ளைகள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மனுஷன் நடமாடினார்.

கொட்டகையில் வட்டாரத்துக்கு ஒன்றாக ஆறு புத்தகம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தகடு தொங்கும். தகட்டில் நாலு என்றிருந்தால் அந்தப் புத்தகத்தைப் பிரித்து நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒன்று என்றால் ஒரே கை. எண் குழம்பாமல் இருக்க, எழுதுகிறவனுக்கு நூறு நூறாக எண் கொடுத்துவிடுவார்கள். நூறு தீர்ந்தால் அடுத்த நூறை எடுத்துக்கொண்டு, எடுத்தேன் என்று ஒரு சீட்டைத் தகர டப்பாவில் போட வேண்டும்.

வேகமாக முடியட்டும் என்று துரை ஆறு புத்தகத்துக்கும் நாலு மாட்டச் சொல்லிவிட்டார். எழுதுகிறவர்கள் மொத்தமே பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தனும் இரண்டு புத்தகத்துத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று முழித்தான். டவுன் புத்தகத்துக்கு வந்த வரிசை சடக்கைத் தாண்டி நின்றது.

கடைசி நாள் விடிந்தது. நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் மலாய் பேசிக் காட்டித் தேற வேண்டும் என்று பேச்சு. நான் ஏழு மணிக்குப் போனபோது கிராணி சிகரெட் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எந்தப் புத்தகத்தில் எத்தனை தகடு, நேற்று எத்தனை ஆள் வந்தார்கள் என்ற கணக்கு.

"பத்து பெரெண்டாம் வட்டாரத்துப் புத்தகத்துக்கு நேத்து வந்தது பதினெட்டு பேரு. அதுக்கு நாலு கையா? டவுனுக்கு ஆறு, பத்து பெரெண்டாமுக்கு ரெண்டு, மத்த நாலுக்கும் ஒவ்வொண்ணு. பன்னெண்டு சரியாப் போச்சு. மாட்டு."

"துரைகிட்ட கேட்டீங்களா?"

"அவரு ஒன்பது மணிக்கு வருவாரு. அதுவரைக்கும் ஜனம் வெயில்ல நிக்கணுமா? பசியாறாத வாயை வச்சுக்கிட்டு எதிர்த்துப் பேசாதடா நடராஜா, மாட்டு."

மாட்டினேன். டவுன் புத்தகத்தில் புதிதாக ஐந்தாம் மேசை, ஆறாம் மேசை. டப்பாவிலிருந்த கடைசிச் சீட்டு 1600 வரை சொன்னது. ஐந்தாம் மேசைக்கு 1601 முதலும் ஆறாம் மேசைக்கு 1701 முதலும் கொடுத்தார். வரிசை கரைய ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு வந்த துரை தகட்டைப் பார்க்கவில்லை, கூட்டம் நகர்வதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

பத்தே முக்காலுக்கு வாசலில் சத்தம்.

"என் நம்பரை நீ எதுக்குடி வாங்குனே?" இது இட்லி விற்கும் பூங்காவனம்.

"ஆமா, உன் நம்பர்ல பவுனு காய்க்குது, பறிக்க வந்தேன்!" இது துணி வெளுக்கும் பொன்னம்மா.

பெயர் பதிந்ததற்குக் கொடுத்த ரசீதில் இரண்டு பேருக்கும் 1612.

கிராணி இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முகம் சுண்டிவிட்டது. மூன்றாம் மேசைக்காரன் முந்தின நாள் சாயங்காலமே தன் நூறைத் தீர்த்து, 1601ல் தொடங்கும் நூறை எடுத்திருக்கிறான். மழை வருகிறது என்று பஸ்ஸுக்கு ஓடியவன் சீட்டைப் போடவில்லை. காலையில் கிராணி தகட்டையெல்லாம் பார்த்தார், மேசை மேசையாகப் போய் எண்ணைப் பார்க்கவில்லை. ஐந்தாம் மேசையில் அதற்குள் முப்பத்தொரு பேர் எழுதியாகிவிட்டது. ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால் இரண்டும் செல்லாது. அதுதான் சட்டம்.

நான் காதோரம் சொன்னேன். "கிராணியய்யா, மூணாம் மேசைக்காரன் தலையில கட்டிருங்க. சீட்டுப் போடாதது அவன்தானே."

"தகட்டை மாத்துனது யாரு?"

"அது துரைக்குத் தெரியாதே."

"புது நம்பருக்கு அவரு கையெழுத்து வேணும். அஞ்சாம் மேசை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டாரா? வழியை விடு."

நானும் கூடவே போனேன். துரை கேட்டது ஒரே கேள்வி. "நான் நாலு என்றேன். மாற்றியது யார்?"

"நான்தான் துரை."

துரை சொன்னார்: ஐந்தாம் மேசை ஆட்களுக்கு 1801லிருந்து புது எண். ஆனால் பழைய ரசீதைத் திருப்பிக் கொடுத்தால்தான். நாலு மணிக்குள். வராத ஆள் பெயர் அடிபடும்.

பொன்னம்மா முதல் ஆளாக மாற்றிக்கொண்டாள். இன்னும் முப்பது பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கிராணி விலாசத்தை எழுதி எழுதிக் கொடுக்க, நான் சைக்கிளை எடுத்தேன். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஏழு பேர், சந்தையில் நாலு பேர். ஒருத்தர் குளித்துக்கொண்டிருந்தார், ஈரத் துண்டோடு கிளப்பினேன். மூன்றேகால் மணிக்கு இருபத்தொன்பது பேர் மாற்றியாகிவிட்டது. பாக்கி கணேசமூர்த்தி என்ற மூட்டை தூக்குகிறவர். ஆற்றங்கரையில் படகுக்குப் படகு விசாரித்து ஆளைப் பிடித்தேன். ரசீது சட்டையில் இருக்கிறது, சட்டை வீட்டில் இருக்கிறது என்றார். வீடு அடுத்த கம்போங்கில், பக்கத்துக் கிராமம். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், ரசீதை எடுக்கவைத்துத் திரும்ப மிதித்தேன். கொட்டகைக்குள் நுழைந்தபோது கதவின் ஒரு பக்கத்தைச் சாத்திவிட்டார்கள். மறுபக்கத்தைக் கிராணி காலால் தடுத்துக்கொண்டு நின்றார். "குடுய்யா சீக்கிரம்!" என்று ரசீதைப் பிடுங்கினார். மூன்று ஐம்பத்தெட்டு.

கதவு சாத்தியதும் துரை நிரந்தரப் பட்டியலை எடுத்து, எங்கள் எதிரிலேயே ஒரு பெயரை அடித்தார். கொட்டகை மூடும்வரை கிராணி தினக்கூலிதான். அப்புறம் ஒரு துணிக்கடையில் பில் எழுதிக் காலத்தை ஓட்டினார்.

பெயர் அடிபட்ட மறுநாள் காலையில், எழுதியதைச் சரிபார்க்கும் வேலைக்கு, வழக்கமான நேரத்துக்கு வந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டுக் கேட்டேன். "வீட்டுல சொல்லிட்டீங்களா? அம்மா திட்டுனாங்களா?"

"திட்டல. சோறு போட்டா. குழம்புல உப்பே போடல."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சாப்பிட்டேன்டா. பின்னே, உப்பைக் கேட்டு வாங்குற நிலைமையா அது?"