முதுகு வெட்டிய புத்தகங்கள்

இராணுவச் சட்டக் கல்லூரி நூலகருக்குக் 'கறார்' என்று பட்டப்பெயர். தளபதியே வந்து கேட்டாலும் பழைய புத்தகத்தை வாசல் தாண்ட விடமாட்டாள். இராணுவ நீதிமன்றத் தீர்ப்புகள், காவலில் தூங்கியவனையும் களத்தைவிட்டு ஓடியவனையும் விசாரித்த தொகுதிகள் எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன. அவற்றின் ஓரங்களில், வழக்கில் தோற்ற வக்கீல்கள் ஆத்திரம் தாங்காமல் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகள்தான் அவளுக்கு உயிர்.

கல்லூரி இயக்குநர் அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு வளர்ந்த சிநேகம். அவள் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் போல ஓடியாடியவர். பழைய தொகுதிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் திட்டத்தோடு ஒருநாள் அவளிடம் வந்தார்.

"அக்கா, தையலை வெட்டினாத்தான் மெஷின் தாளை இழுக்கும். ஸ்கேன் முடிஞ்சதும் ஒண்ணுவிடாம பைண்ட் பண்ணித் தர்றேன். என்னை நம்பமாட்டீங்களா?"

நம்பினாள். வேறு கை படக்கூடாதென்று தானே உட்கார்ந்து ஒவ்வொரு முதுகாக வெட்டினாள்.

மகளின் பிரசவத்துக்கு விடுப்பில் போய்த் திரும்பியபோது, வெட்டிய தாள்கட்டுகள் அடுக்கியிருந்த அறை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"பேப்பர் மில்லுக்கு அனுப்பியாச்சுக்கா. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு... அதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே!"

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். பக்கங்கள் பளிச்சென்று வெளுத்திருந்தன. அழுக்கு நீக்குகிறேன் என்று பென்சில் எழுத்தையும் சேர்த்துத் துடைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர் நூலகத்தின் திறப்பு விழாவில் ஓய்வுபெற்ற இராணுவ வக்கீல் ஒருவர் எழுந்தார். "காவல்ல தூங்கின பையனுக்காக நான் வாதாடித் தோத்த கேஸ் இதுல இருக்கு. அதோட ஓரத்துல ஒண்ணு எழுதியிருந்தேன். அந்தப் புத்தகத்தைப் பார்க்கணும்."

இயக்குநர் மைக்கில் சிரித்தார். "பழைய புத்தகத்தை எல்லாம் வெட்டினது நம்ம நூலகர் அம்மாதான். அவங்களைத்தான் கேக்கணும்."

கூட்டமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்தாள்.

"ஆமாங்க, நான்தான் வெட்டினேன். திரும்பத் தச்சுத் தர்றேன்னு இவர் சொன்னதை நம்பி வெட்டினேன்."

"அக்கா எப்பவும் இப்படித்தான், சட்டுனு உணர்ச்சிவசப்படுவாங்க" என்றார் இயக்குநர். நாலு பேர் சிரித்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் வக்கீலைப் பிடித்தாள். "ஐயா, என்ன எழுதியிருந்தீங்க? சொல்லுங்க, நான் குறிச்சு வைக்கிறேன்."

"ஞாபகம் இல்லம்மா. எழுதி வச்சாச்சேங்கிற தைரியத்துலதான் மறந்தேன்."

வீட்டில் கணவர் சமாதானம் சொன்னார். "மேலதிகாரி சொன்னாரு, நீ செஞ்ச. உன்மேல என்ன தப்பு?"

"அந்தச் சாக்கு எடுபடாதுன்னு எத்தனை தீர்ப்புல படிச்சிருக்கேன் தெரியுமா?" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது.

அடுத்த வாரம் அவள் வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நாள் கழித்து இயக்குநர் பொம்மையும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றார். "அக்கா, மாமன் பேரனைப் பார்க்க வேண்டாமா?"

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"தூங்குறான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.