சொட்டு மருந்தோடு பள்ளிக்கரணையிலிருந்து தனியே திரும்பிய விதம்

சென்ற செவ்வாய்க்கிழமை இரும்புலியூரிலிருந்து பள்ளிக்கரணைக்குச் சென்று வந்தேன். ஊரைப் பார்க்க அல்ல, கண்ணைக் காட்ட. எழுபத்து நான்கு வயதில் அடுத்த மாதம் தனியாக ஹம்பி செல்லவிருந்தேன். இரயில் சீட்டு மகள் வித்யாவின் கைப்பேசியில் இருந்தது. அவள் நிபந்தனை ஒன்றுதான்: கண் மருத்துவமனைக்குத் துணையின்றிப் போய், பகல் ஒரு மணிக்குள் துணையின்றித் திரும்ப வேண்டும். தவறினால் சீட்டு ரத்து.

காலை 9.10க்கு ஷேர் ஆட்டோ. தாம்பரம் வரை இரண்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். 9.30க்கு வேளச்சேரி செல்லும் சாதாரணப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை, நடத்துநரின் முகத்தில் கனிவும் இல்லை. பதின்மூன்று கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். அதில் பன்னிரண்டு நிமிடம் மேடவாக்கம் நெரிசலுக்கே போயிற்று.

மருத்துவமனையில் செவிலி கேட்டாள்: "அட்டெண்டர் எங்கம்மா?"

முப்பது ஆண்டுகள் மருந்தியல் கற்பித்த எனக்கு அட்டெண்டர் என்றால் ஆய்வகத்தில் குடுவை கழுவியவர். "ரிட்டயர் ஆயிட்டார்" என்றேன்.

"கூட வந்தவங்களைக் கேட்டேன். ஆள் இல்லாம சொட்டு விட மாட்டோம்."

வாசலுக்குப் போனேன். குமார் என்னும் ஐம்பது வயது ஆட்டோக்காரர் நின்றிருந்தார். "இரும்புலியூர் போகணும். அதுக்கு முன்னால உள்ள வந்து எங்க அண்ணன் பையன்னு கையெழுத்துப் போடணும்" என்றேன்.

அவர் வண்டிச் சாவியை உருவிக்கொண்டார். "வெய்ட்டிங் சார்ஜ் தனி, அத்தை."

பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று முறை சொட்டு விட்டார்கள். "இன்னாத்துக்கு அத்தை இது?" என்றார் குமார். கண்ணை மூடியபடியே விளக்கினேன். கண் பாவையைச் சுருக்கும் தசையில் மஸ்கரினிக் ஏற்பி என்றொரு பூட்டு இருக்கிறது. உடலே சுரக்கும் அசிட்டைல்கோலின் அதன் சாவி. சொட்டு மருந்தோ உள்ளே நுழைந்து திறக்காமல் அடைத்துக்கொள்ளும் போலிச் சாவி. பாவை விரிந்தே கிடக்கும். மருத்துவர் உள்ளே பார்ப்பார், நம்மால் கிட்டத்தில் எதையும் பார்க்க முடியாது.

"எங்கம்மாக்கு ஒண்ணுக்கு அடங்க மாத்திரை குட்த்தாங்கோ. அது அடங்கிச்சு, வாய் காஞ்சி பூட்ச்சி. எங்களத் திட்டக்கூட எச்சி இல்லாம பேஜாராய்க்கினு கீது."

அதே பூட்டு சிறுநீர்ப்பையிலும் எச்சில் சுரப்பியிலும் உண்டு என்றேன். அதன் சொந்தக்காரர்கள் இதயத்திலும் மூளையிலும் இருக்கிறார்கள்; மொத்தம் ஐந்து வகை. மற்றவற்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் அடைக்கும் மருந்தைத் தேடித்தான் ஆய்வாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வயதானவர்களுக்கு அந்த மாத்திரையால் மறதியும் கூடலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

"மறதியா? எங்க கல்யாணத்துல யார் யார் மொய் வெக்கலன்னு இன்னும் சொல்து" என்றார்.

12.05க்குக் கிளம்பி 12.48க்கு எங்கள் தெருமுனையை அடைந்தோம். பதினான்கு கிலோமீட்டர், காத்திருப்போடு நானூற்று இருபது ரூபாய்.

"வூட்டாண்ட வுடறேன் அத்தை."

"வேண்டாம். முப்பத்தாறு வருஷமா இருக்கற தெரு."

வித்யா ஆட்டோவைப் பார்த்துவிடக் கூடாது. வெயிலில் உலகமே சுண்ணாம்பு அடித்தது போலிருந்தது. மூன்றாவது கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் இருந்த உருவத்திடம் சொன்னேன்: "மணியைப் பாரு. தனியாப் போனேன், தனியா வந்தேன். இனிமே வாயத் திறக்காதே."

"ரொம்ப சந்தோஷம் மேடம். உங்க வீடு அடுத்தது" என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ராகவன்.

மதிலுக்கு அப்பால் வித்யா சிரித்தாள். என் காதில் யாரும் மருந்து விட்டிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஓடிவந்தார் குமார். "அத்தை! ஃபைல வுட்டுட்டுப் பூட்டீங்களே!"

"அத்தையா? அப்ப நீங்க எனக்கு யாரு?" என்றாள் வித்யா.

"ஃபாரம்படி பாத்தா முறை மாப்பிள்ளைம்மா" என்றார் அந்த உத்தமர்.

"ஹம்பில யார் வீட்டுக்குள்ளம்மா நுழையப் போறே?" என்றாள் என்னிடம்.

"அங்க இருக்கறதெல்லாம் இடிஞ்ச மண்டபம். எதுல நுழைஞ்சாலும் கேக்க ஆளில்லை."

வாதம் எடுபடவில்லை. மாலை ஆறு மணிக்குப் பாவைகள் சுருங்கின. வித்யா நீட்டிய கைப்பேசியில் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்த சொல் 'ரத்து.'

புறப்படவிருப்பவர்களுக்கு: கறுப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணழுத்தம் இருந்தால் சொட்டு விடுமுன்பே சொல்லிவிடுங்கள். திரும்பும்போது துணை வேண்டும் என்ற விதி, எழுதுவதற்கே எரிச்சலாக இருந்தாலும், சரியான விதி. ஆனால் அது சொட்டு விட்ட அரை நாளுக்கு மட்டுமே பொருந்தும். ஹம்பியில் எவரும் என் கண்ணில் மருந்து விடப்போவதில்லை. ஆகவே மறுநாள் காலை என் கைப்பேசியிலிருந்து நானே பதிவு செய்தேன். காத்திருப்போர் பட்டியலில் பதினொன்று. கண்ணாடி போட்டு இருமுறை படித்துவிட்டேன், பதினொன்றுதான்.