ஜான் பீயின் நாக்கும் காளியப்பனின் உப்பும்

மசாலாவைப் பிசைந்து முடித்ததும் ஜான் பீ தெருப்பக்கம் திரும்பி, கரண்டியால் சட்டியின் விளிம்பில் டங் டங்கென்று தட்டுவார். எதிரே உப்புக்கடை வைத்திருக்கும் காளியப்பன் அளந்துகொண்டிருந்த படியை மூட்டைமேல் போட்டுவிட்டு வந்து உள்ளங்கையை நீட்டுவார். அதில் ஒரு பொட்டு மசாலா விழும். காளியப்பன் அதை நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லப் போகிறவரைப் போல நிற்பார்.

“சரியா இருக்குதுங்க பாயம்மா.”

“சரின்னா? கூடவா, கொறச்சலா?”

“சரின்னா சரிதானுங்க. அதுல என்ன கூட, கொறச்சல்?”

இதற்கப்புறம்தான் மீன் மசாலாவில் புரளும். ஒகேனக்கல் பஸ் நிற்கும் இடத்தில் மீன் வறுக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எதிர்க்கடைக்காரர் நாக்கில் சோதனை போட்டு விற்பது ஜான் பீ ஒருவர்தான். புதிதாக வருகிறவர்கள், “ஏம்மா, ஒனக்கு நாக்கு இல்லியா?” என்று கேட்டுவிடுவதுண்டு.

“இருக்குதுங்க. அதைச் சண்டைக்குன்னு தனியா வெச்சிருக்கிறேன்.”

ஐம்பதைத் தொடும் வயது. பரிசல் ஓட்டிய கணவர் காலமானபின் அடுப்பு வைத்துப் பிழைக்க வந்தவர். வாடிக்கைக்காரர்களின் பெயர் அவருக்கு மனதில் நிற்காது. அவர்கள் தின்னும் மீன் நிற்கும். தர்மபுரி பஸ் டிரைவருக்குப் பெயர் விரால். அஞ்சல்காரர் கெளுத்தி. “கெளுத்தி, உங்க சம்சாரம் பொறந்த வூட்ல இருந்து வந்துட்டாங்களா?” என்று தெரு கேட்க விசாரிப்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் சண்டைக்கு இழுப்பார்; அந்தச் சண்டையில் ஜெயித்தவர் இதுவரை இல்லை.

சில வருடங்களுக்கு முன்புவரை உப்புப் போடுவதில் ஜான் பீயின் கைக்கு இணை கிடையாது. பார்க்காமலே அள்ளிப் போடுவார், சரியாக இருக்கும். பிறகு ஒரு கோடையில் அந்தக் கையே அவரைக் கவிழ்த்தது. மீன் கரிக்கிறது என்று முதலில் சொன்னது விரால். அடுத்து கெளுத்தி. ஜான் பீ தொட்டுப் பார்த்தால் சப்பென்று இருந்தது. இன்னும் ஒரு பிடி போட்டார். மற்றவர்கள் வெற்றிலை முடிந்துகொள்ளும் முந்தானையில் அவர் கல்லுப்பை முடிந்துவைத்து, கற்கண்டு போல ஒவ்வொன்றாக வாயில் போட்டுச் சுவைத்தார். ஆளும் இளைத்தார், கறுத்தார். குந்தி எழுந்தால் கண் இருட்டும். அடுப்படியில் நிற்கிற உடம்பு கறுக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

மீனில் குற்றமில்லை, மசாலாவில் குற்றமில்லை, தன் நாக்கிலும் குற்றமில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது உப்புதானே? ஜான் பீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு காளியப்பன் கடை முன்னால் போய் நின்றார்.

“காளியண்ணா, உப்புன்னு சொல்லி எதைய்யா விக்கிறீங்க? மழையில நனைஞ்சு சாரம் போன சரக்கு. உப்புல உப்பே இல்லியே!”

“பாயம்மா, கடை முன்னால பத்துப் பேரு நிக்கிறப்ப இப்படிச் சொல்லாதீங்க. கடலையே மொண்டாந்து ஊத்துனாலும் உங்களுக்குப் பத்தாது. நாக்கைக் கழட்டிக் கழுவிப் பாருங்க!”

பதிலுக்கு வாயைத் திறந்த ஜான் பீ அப்படியே சரிந்து உப்பு மூட்டைமேல் விழுந்தார்.

தன் வாய்தான் ஒரு உயிரைக் கொன்றுவிட்டது என்று நினைத்த காளியப்பன், கடையை அப்படியே போட்டுவிட்டு, மனைவி சென்னம்மாளையும் கூட்டிக்கொண்டு ஜான் பீயை முதலில் பென்னாகரத்துக்கும் அங்கிருந்து சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார். கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பாதிப் பாட்டில் இறங்கியதும் ஜான் பீ கண் விழித்துப் பார்த்தார்.

“உள்ள என்ன போவுது சென்னம்மா?”

“உப்புத் தண்ணியாமுங்க.”

“பாத்தியா? ஆஸ்பத்திரி உப்புல உப்பு இருக்குது. போய் உன் வூட்டுக்காரருகிட்டச் சொல்லு.”

வந்து பார்த்த டாக்டரம்மாவிடம் காளியப்பன் நோயைப் பற்றிச் சொல்லவில்லை, வழக்கைச் சொன்னார். “நல்ல உப்புங்க. இந்தம்மா மட்டும் சாரமில்லைன்னு சொல்றாங்க. ராத்திரி பகலா வாயில போட்டுத் திங்கறாங்க. நீங்களே ஒரு கல்லு வாயில போட்டுப் பாருங்க.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “உப்புத் திங்கறாங்களா? இன்னொரு தரம் சொல்லுங்க.” பிறகு ஜான் பீயின் கைரேகைகளைப் பார்த்தார், மையால் வரைந்தது போலக் கறுத்திருந்தன. “அடுப்புப் பொகைங்க” என்றார் சென்னம்மாள். வாயைத் திறக்கச் சொன்னார். ஈறிலும் கறுப்புத் திட்டுகள். “அடுப்புப் பொகைன்னு சொன்னீங்களே, பொகை ஈறு வரைக்குமா போயி ஒக்காரும்?”

மறுநாள் வெறும் வயிற்றில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு மத்தியானத்துக்குள் பெரும்பகுதி வெளியே போய்விடுமாம். ஜான் பீக்குத் தலைதான் வலித்தது, தண்ணீர் அசையவில்லை. “அருவி ஊர்க்காரி வயித்துல அணை கட்டியிருக்குது” என்று அவரே சிரித்தார்.

அடுத்தது ஜாடி. ஒரு பகலும் ஓர் இரவும் போகிற சிறுநீரை எல்லாம் ஒரு கண்ணாடி ஜாடியில் சேர்க்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் சோதனை வீண். பார்வையாளர் நேரத்தில் கட்டிலடியில் பளபளவென்று தெரியும் ஜாடியைக் கண்டு ஜான் பீக்கு உயிர் போயிற்று. யாருக்கும் தெரியாமல் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். நர்ஸம்மா கண்டுபிடித்துத் திட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்று ராத்திரியே ஜான் பீ தான் தலையோடு போர்த்திக்கொள்ளும் பழைய துப்பட்டியைக் கிழித்து ஜாடியைக் கழுத்துவரை மூடிவிட்டார். “இப்ப இதுவும் நம்ம வூட்டுப் பொம்பளை மாதிரிதான். யாரும் பாக்க மாட்டாங்க.”

பிறகு ஓர் ஊசி போட்டு, மறுபடியும் ஜாடி. டாக்டரம்மா விளக்கினார்: இரண்டு சிறுநீரகங்களுக்கும் மேலே தொப்பி வைத்தது போல இரண்டு சுரப்பிகள் உண்டு. பயமோ காய்ச்சலோ அடியோ எது வந்தாலும், அவை கூடுதலாகச் சுரந்து ஆளைத் தாங்கி நிறுத்தும். சுரப்பி தூங்குகிறதா, செத்துக் கிடக்கிறதா என்று தட்டிப் பார்க்கத்தான் அந்த ஊசி. ஜான் பீயின் சுரப்பிகள் தட்டியும் எழவில்லை. எப்போதோ வந்துபோன காசநோய் அவற்றைத் தின்றிருந்தது. அதனால் உடம்பின் உப்பெல்லாம் சிறுநீரில் ஓடியது; ஓடியதைக் கேட்டுத்தான் நாக்கு பறந்தது.

“அப்ப ஒரேயடியா நல்லா ஊறினா தேவலைங்களா?”

“அதுவும் ஆகாது. எந்நேரமும் கவலையிலயே கெடக்கிறவங்களுக்கு அது ஓயாம ஊறித் தூக்கம் போகும், ரத்தக்கொதிப்பு வரும்.”

வார்டு வாசலில் வியர்த்து நின்ற காளியப்பனை ஜான் பீ கைகாட்டினார். “அவருகிட்ட நெறைய ஊறிக் கெடக்கும்ங்க. கொஞ்சம் எடுத்து எனக்கு ஏத்துங்க.”

தினமும் மாத்திரை, ஆயுள் முழுக்க. காய்ச்சல் வந்தால் இரண்டு பங்கு. “சண்டை போடுற அன்னிக்குங்க?” என்று கேட்டார் ஜான் பீ. “நீங்க போடுற சண்டைக்கு எப்பவும் போடறதே போதும்” என்றார் டாக்டரம்மா.

மாத்திரையில் உடம்பு தேறியது, கறுப்பு வெளுத்தது, முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் கடைக்கு ஆள் வரவில்லை. விராலே வேறு கடையில் நின்று தின்றுகொண்டிருந்தார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று ஜான் பீக்கு இருந்தது. அத்தனை நாள் சத்தியம் பண்ணிப் பொய் சொன்ன நாக்கு, இப்போது சொல்வது மட்டும் நிஜம் என்று எப்படி நம்புவது? அதனால்தான் கரண்டித் தட்டல், நீட்டிய உள்ளங்கை. ஊரே பார்க்க உப்புக்காரர் ஒப்புதல் சொன்னதும், போன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

இந்த வருடம் ஆடிப் பதினெட்டு அன்று காவேரிக்குக் குளிக்க வந்த கூட்டத்தில் கடை முன்னால் நிற்க இடமில்லை. ஜான் பீ கரண்டியைத் தட்டினார். எதிர்க்கடை பூட்டிக் கிடந்தது. காளியப்பன் இண்டூரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். எல்லாப் பஸ்ஸும் பிதுங்கி வழிந்தன. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

“என்னங்கம்மா, பஞ்சாயத்துக்காரர் வந்தாத்தான் எங்களுக்குச் சோறா?” என்று கத்தினார் விரால்.

ஜான் பீ சுண்டுவிரலால் மசாலாவைத் தொட்டார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். உப்பு ஜாடிக்குள் போன கை அங்கேயே நின்றது. பிறகு ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தது. முதல் மீன் எண்ணெயில் விழுந்தது. அதை வாங்கிய விரால் ஊதி ஊதிக் கடித்தார். இலையை மறுபடி நீட்டினார்.

வெயில் சாயும்போது மூச்சிரைக்க ஓடிவந்தார் காளியப்பன். “பஸ்ஸே கெடைக்கலீங்க பாயம்மா. உப்பு எப்படிங்க போட்டீங்க?” என்று வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார்.

ஜான் பீ மசாலாச் சட்டியை ஒதுக்கிவிட்டு, வாழையிலைத் துண்டில் ஒரு முழுக் கெண்டையை எடுத்து, சூடு பறக்க அந்தக் கையில் வைத்தார்.