சீட்டு குலுக்கும் முன்பே வாடகை

என் தங்கை காசியாத்தி எதையும் கேட்காமல் விடமாட்டாள். சின்ன வயதில் கோழிக்கு ஏன் காது வெளியே இல்லை என்று கேட்டு எங்கள் அப்பாவைத் தூங்க விடாதவள். நான் அவளுக்கு மூத்தவள். அவளைப் பற்றிச் சரியாகச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

சுரபாயாவில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய நகராட்சி வாடகைக் குடியிருப்பில் நாங்கள் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. அதனால் தரைத்தளத்துக்கு வாடகை அதிகம், மேலே போகப் போகக் குறைவு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சீட்டு குலுக்கி வீடு மாறுவோம். நடக்க முடியாதவர்கள் மட்டும் குலுக்கலில் சேராமல் கீழேயே இருப்பார்கள். மற்றவர் யாரும் ஆயுசு முழுக்கப் படி ஏற வேண்டாம் என்று முதலில் குடிவந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

போன குலுக்கலில் காசியாத்திக்குத் தரைத்தளம் விழுந்தது. கணவர் இறந்த பிறகு அவள் சின்ன வெங்காயத்தை மூட்டையாக வாங்கி, உரித்து, சீவி, மொறுமொறுவென்று வறுத்து சூப்புக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். வண்டிக்காரர் மூட்டையை வாசலிலேயே இறக்கிவிடுவார். மாடி என்றால் ஏற மாட்டார். அவளுடைய இரண்டு மகள்களின் சாப்பாடும் படிப்பும் அந்த மூட்டையில்தான் இருந்தது.

அடுத்த குலுக்கல் நெருங்கும்போது தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. குடியிருப்பு அலுவலகத்து அதிகாரி பாக் ஹார்தோயோ முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார். ‘பாக்’ என்பது எங்கள் ஊரில் ‘ஐயா’ மாதிரி; ‘சாக்’ என்றால் அண்ணன், ‘இபு’ என்றால் அம்மா. வாடகை பல வருடமாக ஏறவே இல்லை, வருகிற வாடகையில் மோட்டாரும் வாங்க முடியாது, கூரையும் பார்க்க முடியாது, இப்படியே விட்டால் கட்டடம் தாங்காது என்றார். முதலில் குலுக்கல், யார் எந்த வீடு என்று தெரிந்ததும் புது வாடகை பேசலாம் என்பது அவர் திட்டம்.

நாலாம் மாடி சாக் சம்சூரி எழுந்தார். “தண்ணியே மேல வரல. அதுக்கு வாடகை வேற ஏத்தணுமா?”

“மோட்டார் யாருக்கு ஓடுது? உங்களுக்குத்தானே! எங்களுக்குக் கீழ தானா வருது. நீங்களே குடுங்க!” என்றார் தரைத்தளத்து இபு போனித்தி.

“சரி, கூரை ஒழுகினா யார் தலையில விழுது? நாங்க உங்களுக்குக் குடையா நிக்கிறோம். குடைக்கு வாடகை எடுங்க!” என்றார் சாக் சம்சூரி.

சிரிப்பு, கூச்சல். முடிவு எதுவும் இல்லை.

காசியாத்தி மட்டும் யோசனையோடு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டாள்: “மேல்வீட்டுக்கு எவ்வளவு குறைச்சா சரியா இருக்கும்?”

“கொஞ்சம் குறைச்சாப் போதும். படி ஏறினா உடம்புக்கு நல்லதுதானே” என்றார் இபு போனித்தி.

“அப்ப நீங்க ஏறுவீங்களா இபு?”

“நானா? எனக்கு மூச்சு வாங்கும்மா!” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு காசி. கீழ இருக்கிறவங்க கொஞ்சம் கூடக் குடுத்துட்டு, இந்த வருஷம் குலுக்கலே வேணாம்னு கேட்டுடலாம். உன் வெங்காயமும் பிழைச்சுக்கும்.”

அவள் கை நின்றது. ஆசை இல்லாமல் இருக்குமா? “மேல இருக்கிறவங்களைக் கேட்டீங்களா?” என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் பெண்களின் அரிசான் சீட்டு. மாதாமாதம் எல்லோரும் தட்டில் பணம் போடுவோம். உறிஞ்சுகுழல் துண்டுக்குள் சுருட்டிய பெயர்களைக் கண்ணாடிக் குவளையில் போட்டுக் குலுக்குவோம். விழும் பெயருக்கு மொத்தமும். காசியாத்திதான் குலுக்குகிறவள்.

“பேரு வரட்டும், அப்புறம் போடறேன்” என்றார் இபு போனித்தி.

“அது எப்படி? வந்தா சிரிச்சிக்கிட்டே போடுவீங்க, வரலன்னா பர்ஸ் வீட்டுல இருக்கும்!” என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவர் முனகிக்கொண்டே போட்டார்.

காசியாத்தி குலுக்கவில்லை. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

“குலுக்குடி” என்றேன்.

“அக்கா, இதுல போட்டுட்டுத்தானே குலுக்கறோம்? வீட்டுக்கு மட்டும் ஏன் குலுக்கிட்டுப் பேசணும்?”

மறுநாள் பாக் ஹார்தோயோவிடம் போய் நின்றாள். “வாடகைய முதல்ல பேசிடலாம் பாக். சீட்டு அப்புறம்.”

“யாருக்கு எந்த வீடுன்னே தெரியாம எப்படிம்மா பேசுவாங்க?”

“தெரியாததாலதான் பேசுவாங்க.”

கூட்டம் மறுபடி கூடியது. இந்த முறை பேச்சே வேறு. “கீழ்வீட்டுக்கு ரொம்ப ஏத்திடாதீங்க, நாளைக்கு எனக்கே வந்துட்டா?” என்றார் சாக் சம்சூரி. “மேல்வீட்டுக்கு நல்லாக் குறைங்கப்பா” என்றார் இபு போனித்தி. மோட்டாரும் கூரையும் எல்லோருக்கும் பொது என்று ஆனது. எல்லா மாடிக்கும் வாடகை ஏறியது. கீழே அதிகம், மேலே கொஞ்சம். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் யாரும் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போகவில்லை. அலுவலகமும் ஒப்புக்கொண்டது.

பிறகு குலுக்கினார்கள். காசியாத்திக்கு நாலாம் மாடி. அவள் வீடு சாக் சம்சூரிக்கு.

சாக் சம்சூரி தலையைச் சொறிந்தார். “காசி, வேணும்னா மாத்திக்கலாமா?”

“போங்க சாக்! அப்ப எதுக்குக் குலுக்கினோம்?” என்றாள். குரல் கொஞ்சம் தடுமாறியது. எனக்குத்தான் அது கேட்டிருக்கும்.

மாடிக்காரர்கள் காய்கறி வாங்கக் கயிற்றில் கூடை இறக்குவது வழக்கம். அவள் தடித்த கயிறும் பெரிய கூடையும் வாங்கினாள். வண்டிக்காரர் மூட்டையைப் பழைய வாசலிலேயே போடுவார். சாக் சம்சூரி பிரித்துக் கூடையில் நிரப்புவார். மேலே மகள்கள் இருவரும் இழுப்பார்கள். “மூட்டைக்கு எம் பங்கு எங்க?” என்று கீழிருந்து அவர் கத்த, ஒரு பிடி வறுத்த வெங்காயம் கூடையில் இறங்கும். வேலை மெதுவாகிவிட்டது, நின்றுவிடவில்லை. புது மோட்டார் வந்ததும் மேல்குழாயில் தண்ணீரும் வந்தது.

ஒருநாள் கடைசித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“என்னடி?”

“இந்த மாடிக்கு இன்னும் கொஞ்சம் குறைச்சிருக்கணும் அக்கா. இப்பத்தான் தெரியுது.”

“போய்ச் சொல்லு பாக் ஹார்தோயோகிட்ட.”

“இப்பச் சொன்னா அது மேல்வீட்டுக்காரி பேச்சு” என்று எழுந்தாள். “அடுத்த சீட்டுக்கு முன்னாடி சொல்றேன்.”