ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சற்றுத் தள்ளி, மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒரு நாஷ்டா கடை இருக்கிறது. போர்டு கிடையாது. ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்துகிறார்கள். அக்கா அடுப்பில் நிற்பார், அவர் பரிமாறுவார். பத்து வருடமாக என் காலைச் சாப்பாடு அங்கேதான். என் மனைவி விடிவதற்குள் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும். மகளுக்கு டப்பா கட்டி வைத்துவிட்டுப் போவதே அவளுக்குப் பெரும்பாடு. அதனால் நான் கடையில் நாலு இட்லியோ பூரியோ தின்றுவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். வயல்களில் போர் மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில்.

தின்றுவிட்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கையில் போன், மறு கையில் இட்லி. மோட்டார் ஓடவில்லை, பயிர் காய்கிறது என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு என்ன சட்னி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரவு வீட்டிலும் அப்படித்தான். டிவியைப் பார்த்தபடி தட்டைக் காலி செய்வேன். மனைவி சமைத்ததை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, குறை சொன்னதும் இல்லை. குறை சொல்லாமல் இருப்பதையே பெரிய குணமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மழை விட்ட சமயம், மானாம்பதிப் பக்கம் ஒரு மோட்டாரை இறக்கிக் கொடுத்துவிட்டு வண்டியில் திரும்பினேன். மத்தியான நேரம். ரோட்டில் கிடந்த ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கியது. தலையில் ஹெல்மெட் இருந்தது. முகவாய்தான் நேராகக் கல்லில் மோதியது. எழுந்து உட்கார்ந்தபோது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று சேரவில்லை. வேறு யாருடைய வாயோ என் முகத்தில் இருப்பது போல இருந்தது.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. தண்ணீராக இருப்பதைத்தான் உறிஞ்சிக் குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும், அவசரத்துக்குக் கம்பியை வெட்ட ஒரு கட்டர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

"அது வூட்ல நெறைய கீது சார்," என்றாள் என் மனைவி.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

அவள் இரண்டு வாரம் லீவு போட்டாள். கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, டம்ளரில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருந்த சின்னச் சந்து வழியாக அது உள்ளே போக வேண்டும். ஒரு டம்ளர் கஞ்சிக்கு அரை மணி நேரம் ஆனது. பேசினால் முனகல்தான் வந்தது. மகளின் பழைய நோட்டு ஒன்றில் எழுதிக் காட்டுவேன்.

முதல் வாரம் வலியில் போனது. இரண்டாவது வாரம் பசி வந்தது. வயிறு நிறைந்துதான் இருந்தது. பசி பல்லில் இருந்தது. எதையாவது கடிக்க வேண்டும், அது நொறுங்க வேண்டும். பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிக்கும் சத்தம் கேட்டால் திரும்பிப் படுத்துக்கொள்வேன். பத்தாம் நாள் மனைவி கொண்டுவந்த ரசத்தில் உப்பு குறைவாக இருந்தது. டம்ளரைத் தட்டிவிட்டேன். சுவரெல்லாம் ரசம். அவள் துணி எடுத்துத் துடைத்தாள். பிறகு இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அதில் உப்பு சரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் தண்ணீர் குடிக்க எழுந்தேன். வீட்டுக்குள் யாரும் இல்லை. பின்கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தள்ளினேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மனைவியும் மகளும் குந்தியபடி, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் அடுப்பில் குழம்பு வைத்தால் வாசனை எனக்கு வரும் என்று பக்கத்து வீட்டில் வைத்து எடுத்துவந்திருக்கிறார்கள். பத்து நாளாக இப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் மகள் தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இன்னாத்துக்கு எய்ந்து வந்த?" என்று மனைவி எழுந்து நின்றாள். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. "தண்ணி வோணும்னா கூப்ட வேண்டியதுதான."

நான் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தேன். உள்ளே வந்து சாப்பிடுங்க என்று எழுதிக் காட்டினேன்.

"வோணாம்யா. வாசன பட்டா உனுக்குதான் பேஜாரு."

என் எதிரில் சாப்பிடுங்க என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.

வந்து உட்கார்ந்தார்கள். முதலில் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. நான் மகளின் தட்டைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கையால் கேட்டேன்.

"நல்லாக்கீது நைனா," என்றாள் தயங்கி. பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். "கத்திரிக்கா கொயஞ்சி பூட்ச்சி. புளி கொஞ்சம் தூக்கலு. கருவாட்டு முள்ளாண்ட ஒரு உப்பு கீது பாரு, அத்த சப்பிக்கினே சோறு துன்னா அதான் டேஸ்ட்டு."

பதினாறு வருடமாக அந்தக் குழம்பைச் சாப்பிடுகிறேன். அதில் புளி தூக்கலாக இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மனைவி எழுந்து போய்க் குழம்பை வடிகட்டி, வெந்நீர் விட்டுக் கால் டம்ளர் கொண்டுவந்தாள். உறிஞ்சினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காரமா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி எடுத்தால் அவர்களுக்குக் கறி, எனக்குச் சாறு. மகள் தின்றபடியே விவரம் சொல்வாள். சாப்பிடும்போது டிவி போடுவது நின்றுபோனது.

மனைவி மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் காலை, வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் நாஷ்டா கடைக்குப் போனேன். குடிக்கக் கஞ்சி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். கால் பழக்கத்தில் நடந்தது. ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட்ட நேரம். அக்கா தோசைக்கரண்டியோடு வெளியே வந்தார்.

"கேள்விப்பட்டேன் தம்பி. வாயத் தொறக்கவே வராதா? அப்ப இன்னாத்த சாப்புட்ற?"

எழுதிக் கொடுத்தேன். அவர் வீட்டுக்காரர் வாங்கி உரக்கப் படித்தார். "கஞ்சி, கூய், ரசம். எல்லாம் வடிகட்டணுமாம்."

அக்கா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் என் முன்னால் ஒரு டம்ளர் வந்தது. சாம்பாரில் ஒரு இட்லியைப் போட்டு அடித்து, டீ வடிகட்டியில் வடித்திருந்தார்கள். மறுநாள் கொத்துமல்லிச் சட்னி கலந்த மோர். அதற்கு மறுநாள் பூரி மசாலைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தார்கள்.

"ஒரே மாரி குட்ச்சிக்கினு இருந்தா நாக்கு செத்துப் பூடும்," என்றார் அக்கா.

எனக்கென்று தனியாக ஒரு வடிகட்டி வாங்கி ஆணியில் மாட்டியிருந்தார்கள். பத்து வருடம் அந்தக் கடையில் சாப்பிட்டும், அவர்களிடம் ஒரு வார்த்தை நின்று பேசியதில்லை நான்.

ஆறு வாரம் கழித்துக் கம்பியை எடுத்தார்கள். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. மெதுமெதுவாகச் சரியாகும், மெத்தென்று இருப்பதைச் சாப்பிடலாம் என்றார் டாக்டர். மறுநாள் மனைவி லீவு போட்டாள், காலையில் நானும் அவளும் கடைக்குப் போனோம். அக்காவே ஒரு இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் நின்றார்.

நகக்கண் அளவு கிள்ளி, தட்டையாக அழுத்தி, உதட்டுக்குள் தள்ளினேன். சூடு அண்ணத்தில் பட்டது. மெல்லும்போது காதுக்குக் கீழே வலித்தது. ஆனாலும் மென்றேன். முதலில் புளிப்பு, பிறகு உளுந்தின் வழவழப்பு, பொட்டுக்கடலைச் சட்னியில் ஒரு பல் பூண்டு. இவ்வளவும் அந்த இட்லியில் எப்போதும் இருந்திருக்கிறது. வந்தவர்களை அக்காவின் வீட்டுக்காரர் அடுத்த பெஞ்சுக்கு அனுப்பினார். கூட்டம் ஓய்ந்தது, அடுப்பை அணைத்தார்கள், பாத்திரங்களை ஊறப்போட்டார்கள். என் தட்டில் இன்னும் பாதி இட்லி இருந்தது.

"நேரமாவுது உங்களுக்கு," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீ சாப்புடு தம்பி. நாங்க எங்க போவப்போறோம்," என்றார் அக்கா.

முக்கால் மணி நேரம் ஆனது. அன்று இரவு மனைவி முருங்கைக்கீரையைக் கடைந்து சோற்றில் பிசைந்து கொடுத்தாள். "நல்லாக்கீது," என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "தாட ஒடஞ்சாதான் உனுக்கு இந்த வார்த்த வருமா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை.

கடைக்கார அக்காவையும் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு ஒரு வேளை சோறு போட வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். எனக்குத் தயக்கம். எங்கள் வீடு காலனியில் இருக்கிறது. ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் இலை போட்டு உட்கார்வார்களா என்று யோசித்தேன். "வரலன்னா அவங்க இஷ்டம். கூப்பிட்றது நம்ம இஷ்டம்," என்றாள். கூப்பிட்டேன். அக்கா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "ஞாயித்துக்கெயம கட லீவு. வரோம்," என்றார்.

வந்தார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, கத்திரிக்காய்ப் பொரியல், ரசம். நானும் மகளும் பரிமாறினோம். அக்காவின் வீட்டுக்காரருக்கு உட்காரவே வரவில்லை. ரசம் வந்தால் வாளியை வாங்கக் கை நீட்டினார், தண்ணீர் வைக்க எழுந்தார். "குந்து பெரிப்பா," என்று மகள் அவர் தோளைப் பிடித்து இரண்டு முறை உட்கார வைத்தாள்.

அக்கா குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பாதியில் கையை நிறுத்தி, என் மனைவியைப் பார்த்தார்.

"கட போட்டதுலேர்ந்து, இன்னொருத்தர் ஆக்கி நான் குந்திக்கினு துன்னது இன்னிக்குதாம்மா," என்றார். "கோயிய மொதல்ல எண்ணெயில வதக்கினியா?"

"ஆமாக்கா. தேங்கா கடசீல."

"அதான பாத்தேன். இன்னும் கொஞ்சம் ஊத்து."

மனைவி குழம்புச் சட்டியோடு குனிந்தாள். அக்கா சோற்றைக் குழித்து வைத்துக்கொண்டார்.