கோலிக்கு வைத்த கையெழுத்து

நான் யோசித்து வைத்த கையெழுத்து மூன்று. அகதி விண்ணப்பத்தில் ஒன்று. கலியாணப் பதிவில் ஒன்று. மூன்றாவது, முன்பின் கண்டிராத ஒரு கோலிக்கு.

கோலி என்றால் கோல் காப்பவன். அந்த வருடம் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கோலி இல்லை. இருந்தவருக்கு முழங்கால் போய்விட்டது. மற்ற எல்லாருக்கும் கோல் அடிக்கத்தான் விருப்பம். நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை. சனிக்கிழமையில் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாடுவோம். கோடையில் ஜேர்மனியில் உள்ள தமிழ்க் கழகங்கள் வைக்கிற சுற்றுப்போட்டிகளுக்குப் போவோம். கிழமை நாட்களில் நான் ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் தட்டுக் கழுவினேன்.

கழகத் தலைவர் கடை வைத்திருந்தார். ஒருநாள் நான் அங்கே நிற்க, அகதி முகாமில் இருந்த ஒரு பெண் மா வாங்க வந்தார். மன்னார்ப் பக்கத்து ஆள். கோலி இல்லை என்று நாங்கள் புலம்புவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

"என்ர தம்பி கோலிதான் அண்ணை."

"எங்கை?"

"மன்னாரில. அங்கை அவனைப் பூட்டு எண்டுதான் கூப்பிடுறவை."

தலைவர் சிரித்தார். "பூட்டோ? அப்ப திறப்பு ஆரிட்டை?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். உயரமான ஆள். கையுறையோடு நின்றான். தம்பியை விட்டுவிட்டு வரும்போது அவன் பாலர் வகுப்பாம். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் காணவில்லை.

அவரிடம் இருந்தது பொறுத்து வைத்திருக்கிற கடதாசி. இருக்க உரிமையும் இல்லை, இன்னும் திருப்பி அனுப்பவும் இல்லை. அந்தக் கடதாசியோடு ஊருக்குப் போனால் திரும்பி வர ஏலாது. வேறு ஒருவரைக் கூப்பிடவும் ஏலாது. மாநில எல்லை தாண்டவும் கூடாது. ஆக, அவன் வந்தால்தான் உண்டு. அப்போது ஊரில் சண்டை நின்ற சமாதான காலம். பாதை திறந்திருந்தது. கொழும்புக்குப் போய் விசா கேட்கலாம்.

எங்களுக்குக் கோலி வேண்டும். அவருக்குத் தம்பி வேண்டும். இரண்டும் ஒரே ஆள்.

யாராவது பொறுப்பு எடுக்க வேண்டும். வருகிறவனுடைய சாப்பாடு, வைத்தியம், திரும்பிப் போகிற செலவு எல்லாம் என் தலையில் என்று அரசாங்கக் கந்தோரில் கையெழுத்து வைக்க வேண்டும். தலைவர் ஏற்கெனவே மாமியாருக்கு வைத்துவிட்டார். மற்றவர்களுக்குச் சம்பளம் காணாது. எனக்கு நிரந்தர வேலை, நிரந்தர விசா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்றேன்.

கடையின் பின் அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருந்து அழைப்புக் கடிதம் எழுதினோம். செயலாளர் டொச் என்கிற ஜேர்மன் மொழியில் எழுத, தலைவர் சொல்லச் சொல்லப் போனது.

"அவர் மன்னாரின்ர முதல்தரக் கோலி எண்டு எழுதும்."

"எழுதீற்றன்."

"எங்கட பிள்ளையளுக்குப் பின்னேரத்தில பயிற்சி குடுப்பார் எண்டும் எழுதும்."

"சரி."

"போட்டி முடிய மேடையில வைச்சு ரண்டு பவுணில சங்கிலி போடுவம். அதையும் எழுதும்."

செயலாளர் நிமிர்ந்தார். "அது என்னத்துக்கு அண்ணை?"

"ஒரு மனுசனை வெறுங்கழுத்தோட திருப்பி அனுப்புற ஆக்கள் எண்டு டொச்சுக்காரன் நினைக்கப்படாது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நல்ல விளையாட்டுக்காரனுக்கு நாங்கள் சங்கிலி போடுவது வழக்கம். மரியாதையை எழுதினால் மரியாதை கிடைக்கும் என்று நினைத்தோம்.

வெளிநாட்டவர் கந்தோரில் எனக்குக் காலை எட்டு மணிக்கு வரச்சொல்லி ரெர்மின் தந்திருந்தார்கள். அந்தப் பெண்ணும் கூட வந்து வெளியே வாங்கில் இருந்தார். உள்ளே இருந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். சங்கிலிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார்.

"இது வேலை," என்றார்.

"வேலை இல்லை. விளையாட்டு."

"பயிற்சி கொடுக்கிறார். பதிலுக்குத் தங்கம் வாங்குகிறார். அது வேலை. விளையாட்டுக்காரரை வேலைக்கு எடுக்க வேறு சட்டம் இருக்கிறது. சம்மேளனம் எழுதித் தர வேண்டும். தொழிலாக விளையாட வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். உங்கள் கழகம் எந்தப் பிரிவில் விளையாடுகிறது?"

"கோடைகாலத்தில் விளையாடுகிறது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்களுக்கு இவர் என்ன உறவு?"

"ஒன்றும் இல்லை. கோலி."

"உறவு இல்லாத ஒருவருக்கு உங்கள் சம்பளத்தை ஈடு வைக்கிறீர்களா?"

"கோலி இல்லாமல் விளையாட முடியாது."

சொன்ன பிறகு அது முழு உண்மை இல்லை என்று பட்டது. வெளியே வாங்கில் இருப்பவர் அவருடைய அக்கா என்றேன். பதின்மூன்று வருடம் என்றேன். அதிகாரி எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்து கடிதத்தை என்னிடம் தள்ளினார்.

"இதைக் கொழும்புக்கு அனுப்பினால் அன்றைக்கே மறுப்பார்கள். புதிதாக எழுதுங்கள். விருந்தாளியாக வருகிறார். அக்காவைப் பார்ப்பார். கழகத்தோடு சும்மா விளையாடுவார். பயிற்சி இல்லை, பணம் இல்லை, தங்கம் இல்லை. எழுதினால் அப்படியே நடக்கவும் வேண்டும். அவர் போகாமல் நின்றால் பொறுப்பு உங்களுடையது. பிறகு நீங்கள் யாருக்கும் கையெழுத்து வைக்க முடியாது."

இரண்டாவது கடிதம் ஆறு வரி. நான் கையெழுத்து வைத்தேன். ஏழாம் கிழமை விசா கிடைத்தது. இருபத்தைந்து நாள்.

விமான நிலையத்துக்கு அவனைக் கூட்டிவர நான் மட்டும் போனேன். அது அடுத்த மாநிலம். அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். அவன் காரால் இறங்கினான். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு வளந்திட்டியோ?"

"நீ ஏனக்கா இவ்வளவு சின்னனாப் போனாய்?"

அவ்வளவுதான். இருவரும் உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

விலாசம் என் வீடு என்று எழுதியதால் அவன் என் வீட்டில்தான் படுத்தான். அக்காவுக்குப் பகலில் துப்புரவு வேலை. பின்னேரம் மைதானத்துக்கு வருவார். நாங்கள் சனிக்கிழமை மட்டும் ஆடுகிறவர்கள், அவன் வந்த பிறகு தினமும் ஆடினோம். அக்கா வலைக்குப் பின்னால் புல்லில் இருந்தார். புல் ஈரம் என்று நான் தொழிற்சாலையில் கழித்த பாண் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தேன்.

முன்னால் விளையாடுகிறவன் என்றால் கதைத்திருக்க ஏலாது. கோலி நின்ற இடத்தில் நிற்பான். பந்து அங்கால் போகிற நேரம் எல்லாம் இருவரும் வலைக்கு ஊடாகக் கதைத்தார்கள். அம்மாவின் கடைசி நாட்கள், வீட்டுக் கூரை, யார் யாரைக் கட்டியது. பந்து கிட்ட வந்தால் அவன், "பொறு அக்கா" என்பான். பாய்வான். பிடிப்பான். பிறகு விட்ட இடத்தில் தொடங்குவான்.

சுற்றுப்போட்டி மாநிலத்துக்கு வெளியே. அக்கா வரவில்லை. அங்கே மற்றக் கழகத்துக்காரர் எங்களைக் கண்டவுடன் தொடங்கிவிட்டார்கள்.

"டேய், இறக்குமதிக் கோலியாம்! கஸ்ரம்ஸ் கட்டினவங்களோ?"

"பூட்டாம். துருப்பிடிச்ச பூட்டு!"

அவன் கையுறையை மாட்டிக்கொண்டு வலைக்குப் போனான். இறுதி ஆட்டம் வரை ஒரு கோலும் போகவில்லை. இறுதி ஆட்டத்தில் தண்ட உதையில் தோற்றோம். ஆனால் சிறந்த கோலி அவன்தான். மேடைக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் பையிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்தார். அவர் சங்கிலி செய்வித்தது எனக்குத் தெரியாது. வீடியோக்காரர் கமராவோடு கிட்டப் போனார்.

நான் மேடையில் ஏறித் தலைவரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேண்டாம் அண்ணை."

"விடும். சனம் பாக்குது."

"கையெழுத்து என்ர."

"இஞ்சை ஆர் டொச்சுக்காரன் நிக்கிறான்?"

"நான் நிக்கிறன்."

ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு நின்ற அண்ணை பேச்சை நிற்பாட்டிவிட்டார். பின்னால் யாரோ, "எரிச்சலில தடுக்கிறான்" என்றார்கள். நான் கையை விடவில்லை. கோலி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். பிறகு நிமிர்ந்தான்.

"எனக்குப் பூமாலை காணும், தலைவர் அண்ணை," என்றான்.

மாலை போட்டார்கள். தலைவர் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. அந்தச் சங்கிலி இப்போதும் அவர் மனைவியின் கழுத்தில் கிடக்கிறது. கேட்டால், கழகத்துச் சொத்து என்பார்.

இருபத்தைந்தாம் நாள் வந்தது. அதற்கு முன் ஒரு கிழமையாக நான் ஒன்றுக்குக் காத்திருந்தேன். தம்பி இங்கேயே நிற்கட்டும் என்று அந்தப் பெண் கேட்பார் என்று. சமாதானம் என்று பேர்தான், ஊரில் எந்த நாளும் எதுவும் நடக்கலாம். கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

அவர் கேட்கவில்லை. தம்பியின் பையில் சொக்லேற்றும், சவர்க்காரமும், புதுக் கையுறையும் வைத்து மூடினார். அவன் காரில் ஏறிய பிறகு என் பக்கத்துக்கு வந்தார்.

"அண்ணை, கேக்க வேணும் எண்டு வாய்வரை வந்தது. நீங்கள் எனக்காக வைச்ச கையெழுத்து. அதால கேக்கேல்லை."

நான் தலையை ஆட்டினேன். காரை எடுத்தேன். அவன் வழி முழுக்க யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

கொழும்பில் இறங்கிய அடுத்த நாளே ஜேர்மன் தூதரகத்துக்குப் போய், திரும்பி வந்ததற்குச் சாட்சியாகத் தன்னைக் காட்டினான். சொல்லி அனுப்பியிருந்தேன். சில கிழமையில் கந்தோரில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி.

"போய்விட்டார்," என்றார்.

"ஓம்."

"வென்றீர்களா?"

"இல்லை."

"தங்கம்?"

"இல்லை."

அவர் சிரித்தார். கோப்பில் ஏதோ எழுதினார். "அடுத்த கோடைக்கும் கோலி வேண்டுமென்றால் நேரத்தோடு வாருங்கள்."

அடுத்த வருடம் அந்த அலுவல் அரை மணி நேரத்தில் முடிந்தது. அவன் சொன்னபடி திரும்பிப் போன மனிதன், அதனால் வரலாம் என்றார்கள். முப்பது நாள் கொடுத்தார்கள். முதல் நாள் பின்னேரம் நான் எல்லாருக்கும் முன்னால் மைதானத்துக்குப் போனேன். பாண் பெட்டியைக் கழுவித் துடைத்து, வலைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தேன்.