மண்டபத்தை இடிக்க வந்தவர்கள்

லண்டன் எட்மண்டனில் பாஸ்டர் எட்வேட்டைத் தெரியாத தமிழர் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரைத் தூரத்தில் கண்டாலே தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார்கள். அகப்பட்டால் ஆள் விடமாட்டார். பூமிக்கு ஆறாயிரம் வயதுதான், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று பஸ் தரிப்பிலேயே நிரூபிக்கத் தொடங்கிவிடுவார். ஆதாம் எத்தனை வயதில் சேத்தைப் பெற்றான், சேத் எத்தனை வயதில் ஏனோசைப் பெற்றான் என்று விரலை மடக்கி மடக்கி அவர் நோவாவரைக்கும் வந்து சேருவதற்குள் கேட்டுக்கொண்டு நிற்கிறவர் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார்.

அவருடைய மனைவி எமில்டாவைத்தான் பலருக்குத் தெரியாது. சொல்ல வந்தது அவளைப் பற்றி.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எட்வேட்டும் அப்படித்தான் இருந்தார். எண்பத்தைந்தில் தனியாக லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது யாரோ ஓர் அமெரிக்கப் பிரசங்கியின் கசெட் அவர் கையில் அகப்பட்டது. அதோடு மாதாவும் போனார், செபமாலையும் போனது. இரண்டு வருடம் கழித்து எமில்டா வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் நின்றது அவள் கல்யாணம் கட்டிய மனிதரே இல்லை. வந்த களைப்பைக்கூட விசாரிக்கவில்லை. "நீர் இரட்சிக்கப்பட்டிட்டீரா?" என்பதுதான் முதல் கேள்வி.

அவள் அழுதாள். அவர் அதை மனந்திரும்புதலின் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். அவள் அழுதது மகனுக்காக. ஏஜென்சிக்காரன் கடைசி நேரத்தில் ஓர் ஆளைத்தான் கொண்டுபோக ஏலும் என்று கையை விரித்துவிட, எட்டு வயது அன்ரனைத் தங்கை டொலறஸிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கொஞ்ச நாளில் கூப்பிட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். பிறகு சண்டை வந்தது. டொலறஸும் அன்ரனும் மடு அகதி முகாமில் கிடந்தார்கள், ஒருவழியாக நீர்கொழும்புக்கு வந்தார்கள். இங்கே விசா அலுவல் வருடக்கணக்காக இழுபட்டது. தொண்ணூற்றாறில் அன்ரனுக்குப் பதினேழு வயது. பதினெட்டு ஆகிவிட்டால் பிள்ளை என்று சொல்லிக் கூப்பிட முடியாது. நேர்சிங் ஹோமில் கிழவர்களுக்குச் சூப் பருக்கும்போதும் எமில்டாவின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பதினெட்டுத்தான்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்த மண்டபம் வந்து தொலைந்தது.

வீட்டின் பின்வளவில் ஒரு 'படைப்பு மண்டபம்' கட்ட வேண்டும் என்று பாஸ்டருக்குத் தரிசனமாம். அவருடைய சபையில் உள்ளவர்கள் எல்லாரும் ஊரில் சிரமதானம் செய்து பழகியவர்கள். கூலி கேட்காமல் கூடி நின்று குளம் வெட்டுகிற, ரோட்டுப் போடுகிற அந்த வழக்கத்தை அப்படியே எட்மண்டனுக்குக் கொண்டு வந்தார்கள். சனி ஞாயிறுகளில் ஆண்கள் கல் அடுக்கினார்கள், பெண்கள் சமைத்தார்கள், மண்டபம் எழும்பியது. உட்சுவர் முழுக்கப் படங்கள். ஏதேன் தோட்டத்தில் ஆதாமுக்குப் பக்கத்தில் ஒரு டைனோசர். வரைந்த பிரதர் டைனோசர் படத்தைக்கூடப் பார்த்ததில்லை. பாஸ்டர் வாயால் சொன்னதைக் கேட்டு ஓர் உடும்பைப் பெருப்பித்து வைத்திருந்தார். ஏவாள் அதன் வாயில் புல் தீத்திக்கொண்டிருந்தாள்.

கவுன்சிலிடம் அனுமதி எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னவர்களிடம், "நோவா பேழை கட்டேக்கை எந்தக் கவுன்சிலிட்டப் பெர்மிஷன் கேட்டவர்?" என்றார் எட்வேட். சபை கைதட்டிச் சிரித்தது. எமில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி முறைப்பாடு செய்தாள். அவள் சமைக்கிற குசினிக்குள் வெளிச்சம் வருவது அடியோடு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நித்திரையும் போனது. உள்ளதைச் சொன்னால் நியாயம் கிழவியின் பக்கம்தான். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எட்வேட் அதைப் பிரசங்கத்தில் வாசித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார். போதாததற்கு, தென் கென்சிங்டனில் உள்ள மியூசியத்துக்குப் போய் டைனோசர் எலும்புக்கூட்டுக்கு அடியில் நின்று "எல்லாம் பொய்" என்று சத்தம் போட, காவலர்கள் இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். சனங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. சைவச் சனம் சிரித்தது, கத்தோலிக்கச் சனம் வெட்கப்பட்டது. எமில்டா தமிழ்க் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

கடைசியில் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மாத காலத்துக்குள் மண்டபம் நிலமட்டத்துக்கு வர வேண்டும், தவறினால் சிறை என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்ரனின் விசா அலுவலைப் பார்த்தது கிரிஜா என்ற சொலிசிட்டர். ஹரோவில் இருக்கிற இளம் பெண், ஒளிவுமறைவு தெரியாதவள்.

"அன்ரி, கேளுங்கோ. கோட் சொன்னமாதிரி அங்கிள் மறியலுக்குள்ள போனார் எண்டால் அன்ரனை மறந்திடுங்கோ. விண்ணப்பம் அவற்றை பேரில. மறியலில இருக்கிறவர் எப்படி மகனைக் கூப்பிடுறது?"

"மண்டபத்தை இடிச்சால்?"

"இடிச்சால் வழக்கே இல்லை. விசாவும் அநேகமாக் கிடைக்கும். இந்த முறை எனக்கு நம்பிக்கை இருக்கு."

வீட்டுக்கு வந்து எமில்டா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "இஞ்சருங்கோ, பிள்ளைக்காக. இப்ப இடிப்பம். பிறகு பெர்மிஷன் எடுத்துக் கட்டலாம்தானே."

"ஆபிரகாம் தன்ரை மகனையே பலி குடுக்கத் துணிஞ்சவன், எமில்டா."

"ஈசாக்கின்ரை தாயிட்ட ஆரும் ஒரு சொல்லுக் கேட்டவையே?"

அவர் வேதப் புத்தகத்தை விரித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அன்றைக்கு எமில்டாவுக்கு ஒன்று விளங்கியது. இந்த மனிதரோடு கதைத்துப் பிரயோசனமில்லை.

அவள் சூசைதாசனுக்குப் போன் எடுத்தாள். மண்டபம் கட்டியதில் தலைமை மேசன் அவர்தான், சபையில் மூத்தவர், நல்ல மனிதர். அடுத்த சனிக்கிழமை பாஸ்டர் பேர்மிங்ஹாமில் பிரசங்கத்துக்குப் போகிறார் என்று சொன்னாள். அன்ரனைப் பற்றியும் சொன்னாள்.

"பாஸ்டர் மறியலுக்குப் போறதை எங்களாலயும் பாக்கேலாது, சிஸ்டர்," என்றார் சூசைதாசன். "கட்டினதும் நாங்கள். கழட்டுறதும் நாங்களே செய்யிறம். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

சொன்னபடியே வந்தார். சனி காலை பின்வளவு நிறைந்துவிட்டது. சுத்தியல், அலவாங்கு, தள்ளுவண்டில் எல்லாம் வந்திருந்தன. எமில்டா விடியவே எழும்பி இடியப்பமும் சொதியும் சம்பலும் செய்து வைத்திருந்தாள். பத்து வருடமாக அவள் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் அன்றைக்கு இருந்தது. மேல்மாடிச் சின்ன அறையைக் கூட்டி, கட்டிலுக்குப் புது விரிப்புக்கூடப் போட்டுவிட்டாள். பின்னேரத்துக்குள் மண்டபம் தரைமட்டம், திங்கட்கிழமை கிரிஜாவுக்குப் போன் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டாள்.

சூசைதாசன் சுத்தியலைத் தூக்கினார். அந்த நேரத்தில் எமில்டா வாயைத் திறந்தாள்.

"அண்ணை, ஒரு சின்னச் செபம் பண்ணிப்போட்டுத் தொடங்குவம்."

யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். அந்தச் சபையில் கதிரையை இடம் மாற்றுவதென்றாலும் செபம் இல்லாமல் தொட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் குறை நினைப்பார்களோ என்று ஒரு மரியாதைக்குச் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வசனத்துக்காக அவள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாரும் மண்டபத்துக்குள் வட்டமாக நின்றார்கள். சூசைதாசன் சுருக்கமாகத்தான் செபித்தார். ஆமென் சொல்லப் போகிற நேரம் கத்தரின் என்ற சகோதரி செபத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்தச் சுவருக்குத் தான் சீமெந்து குழைத்ததை நினைத்து அழத் தொடங்கினாள். ஒருவர் அழுதால் அங்கே எல்லாருக்கும் தொற்றிவிடும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் உரத்துச் செபித்தார்கள், ஒருவர் பாட்டெடுத்தார், மற்றவர்கள் கைதட்டினார்கள். பாட்டு முடிய, ஆவி இறங்கியவர்கள் வாயில் ஒருவருக்கும் விளங்காத அந்நிய பாஷை வந்தது. எமில்டா வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

"அண்ணை, நேரம் போகுது," என்றாள். யார் காதிலும் விழவில்லை.

மத்தியானமளவில் கத்தரின் கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தர் பேசுவதாகச் சொல்லிக் கத்தினாள். "என்ரை ஆலயத்தில கை வைக்கிறவன் ஆர்?"

சூசைதாசன் பேயறைந்தவர் போல நின்றார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் விழுந்தார். அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் விழுந்தார்கள். இடிக்க வந்த கூட்டம் இடிக்க நினைத்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டு அன்றைக்கு முழுவதும் உபவாசம் என்று அறிவித்தது. எமில்டா செய்த இடியப்பத்தை ஒருவரும் தொடவில்லை.

அவள் போய் அந்தச் சுத்தியலைத் தூக்கினாள். சுவரில் ஓங்கி அடித்தாள். உடும்பின் வாலில் கொஞ்சம் பெயர்ந்து விழுந்தது. மறுபடி அடித்தாள். சூசைதாசன் எழும்பி வந்து, குழந்தையின் கையில் இருந்து கத்தியை வாங்குவது போல மெதுவாக அதை வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம் சிஸ்டர். பாவம்."

"என்ரை பிள்ளை, அண்ணை," என்றாள் எமில்டா. "என்ரை பிள்ளை பாவமில்லையே?"

அவர் கண்ணிலும் தண்ணீர். ஆனாலும் சுத்தியலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நல்ல மனிதர்களிடம் இதுதான் கரைச்சல். கெட்டவன் என்றால் திட்டியாவது ஆறலாம்.

தவணை முடிந்து கவுன்சில் ஆட்கள் வந்தபோது சபை முழுவதும் கைகோர்த்து மண்டபத்தைச் சுற்றி நின்று அவர்களைத் திருப்பி அனுப்பியது. எட்வேட் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். பேர்மிங்ஹாமில் இருந்து வந்த அன்றே அவருக்கு அரைகுறையாக விஷயம் தெரிந்திருந்தது. தான் இல்லாத நேரத்தில் எமில்டாதான் சபையைக் கூட்டினாள் என்பது மட்டும். மண்டபத்தைக் காக்கத்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னிலையிலும் அவளை எழுப்பி நிறுத்தி, "என்ரை மனைவி ஒரு வீராங்கனை" என்றார். உண்மை தெரிந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். எமில்டா நின்ற இடத்தில் நின்றாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதி கடைசியாக ஒரு தருணம் கொடுத்தார். உத்தரவுக்குப் பணிகிறேன் என்று ஒரு சொல்லுச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம், இடிக்கிற வேலையைக் கவுன்சிலே பார்த்துக்கொள்ளும். எட்வேட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தான் பணிவது ஒரு நீதிபதிக்குத்தான், அவர் இந்தக் கட்டடத்தில் இல்லை என்றார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ!" என்று கடைசி வரிசை வாங்கில் இருந்து எமில்டா கத்தினாள். "ஒருக்கா ஓம் எண்டு சொன்னால் என்ன!"

கிரிஜா அவளைப் பிடித்து இருத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு மாதச் சிறை.

மண்டபத்தை இயந்திரம் ஒரு காலைப் பொழுதில் தின்று முடித்தது. கைகோர்க்க இந்த முறை யாரும் வரவில்லை. பொலிஸ் வரும் என்று கதை பரவியிருந்தது. எமில்டா குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேலால் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நீட்டினாள். எமில்டா வெளியே போய் அதை வாங்கிக் குடித்தாள்.

விசா மறுக்கப்பட்டது. சிறைச்சாலையின் பார்வையாளர் அறையில் அதைச் சொன்னபோது எட்வேட் தலையைக் குனிந்து, "தேவ சித்தம்" என்றார். பிறகு, "படங்களை ஆரும் போட்டோ எடுத்தவையே?" என்று கேட்டார். எமில்டா இல்லை என்றாள். அவர் கண் கலங்கியது. அதற்குப் பிறகும் அவள் மாதாமாதம் போனாள். போகாமல் என்ன செய்வது? அவருக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

அன்ரனுக்குப் பதினெட்டு வயதான அன்று போன் கார்ட் வாங்கி நீர்கொழும்புக்கு எடுத்தாள். முதலில் எடுத்தது அவன்தான். குரல் நன்றாக முற்றிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது யாரோ ஒரு பெரிய ஆம்பிளையின் குரலாகவே கேட்கும்.

"அப்பீல் பண்ணிப் பாக்கலாமாம் ராசா. கிரிஜா சொன்னவ."

"பரவாயில்லை. நீங்கள் யோசியாதேங்கோ."

"அப்பா நல்லவர்தான் ராசா. அவருக்கு விளங்காது."

"ஓம்."

"என்னில கோவமே உனக்கு?"

"சீ, கோவமெல்லாம் இல்லை," என்றான். உண்மையாகவே கோபம் இல்லாத குரல். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடம் கதைப்பது போல மரியாதையாக இருந்தது. அவன் கோபப்பட்டிருக்கலாம், ஏசியிருக்கலாம், அவள் அதைத் தாங்கியிருப்பாள். பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. அவன் யாருக்கோ சிரித்துக்கொண்டே பதில் சொல்வது கேட்டது. இவளோடு ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

"கொஞ்சம் நில்லுங்கோ," என்றான். "அம்மா உங்களோட கதைக்கோணுமாம்."

போன் கைமாறியது. டொலறஸின் குரல் வந்தது. "அக்கா, சுகமா இருக்கிறியே?" என்று கேட்டாள்.

ஓம் என்றாள் எமில்டா.